ஐந்து பாகைத் தீவு

பிரான்சின் கடல்கடந்த பிரதேசங்கள் என்றதும் எமக்கு ஞாபகம் வருபவை ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகியவைதான். அங்கிருந்து வந்தவர்களோடு குசினிகளில் தோளுரச வேலை செய்கிறோம். அவர்களில் சிலருடைய குடும்பப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களாக இருப்பதைக் கண்டு வியந்தும் இருக்கிறோம். சென் பியேர்–மிக்லோன் என்ற பெயரோ எம்மில் பலருடைய காதில் 2025 ஏப்ரல் வரை விழுந்ததில்லை.

அந்த மாதம் லொறோன் வோக்கியே என்ற வலதுசாரி அரசியல்வாதி ஒரு யோசனை சொன்னார். நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளையிடப்பட்ட வெளிநாட்டவர்களில் ஆபத்தானவர்களை இத்தீவில் அடைத்து வைக்கலாம் என்பதே அது. அங்கே வருடச் சராசரி வெப்பநிலை ஐந்து பாகை, 146 நாட்கள் மழையும் பனியும்; இதைக் கேட்டாலே பலர் யோசிப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கட்டளைக் கடிதத்தின் வடிவம் எம்மவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 'ஆபத்தானவர்' என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதும் எமக்குத் தெரியும். குளிரைப் பொறுத்தவரை, மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் விடிய நான்கு மணிக்குப் பனி தள்ளிவிட்டு வேலைக்குப் போகும் எம் உறவினர்கள் ஐந்து பாகையைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால் ஓர் இடத்தைத் தண்டனையாகச் சொல்லும்போது, அங்கே ஏற்கனவே மனிதர் வாழ்கிறார்கள் என்பது எப்படி மறந்துபோகிறது? அவர்கள் யார், அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தேடிப் போனதில் எமக்குக் கிடைத்தவையே இங்கே எழுதப்படுபவை.

வட அத்திலாந்திக்கில், கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவின் தென்கரையிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது இத்தீவுக் கூட்டம். மொத்தப் பரப்பு 242 சதுர கிலோமீற்றர். எமது நெடுந்தீவைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. சனத்தொகை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சென் பியேர் என்ற சிறிய தீவு பரப்பில் பத்தில் ஒன்றுதான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் வாழ்கிறார்கள். மற்றது மிக்லோன், லாங்கிளாட் என்ற இரு நிலங்களும் பன்னிரண்டு கிலோமீற்றர் நீளமான மணல் திட்டொன்றால் ஒட்டிக்கொண்டது. கோடையில் கடலில் பனிமூட்டம் இறங்கினால் அந்தத் திட்டு கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தீவுகளைச் சுற்றி உடைந்த கப்பல்கள் ஐநூறுக்கு மேல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பனிமூட்டம் எம்மவர் அறியாததல்ல. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்த 155 ஈழத்தமிழர்களை ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தது நியூபவுண்லாந்தின் இதே தென்கரைக்கு அப்பால்தான். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த இடத்திலிருந்து சென் பியேர் மேற்கே சுமார் 200 கிலோமீற்றர்தான்.

மனிதர் இங்கே வந்தது நிலத்துக்காக அல்ல, மீனுக்காக. கனடியர் 'கொட்' என்றும் பிரெஞ்சுக்காரர் 'மொறு' என்றும் சொல்லும் மீன். இரவு உப்புத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, காலையில் முள்ளெடுத்து, உருளைக்கிழங்கோடு மசித்துக் கொடுக்கிறோமே, அதே மீன். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத கத்தோலிக்க ஐரோப்பாவுக்கு நாள்பட்டும் பழுதாகாத இந்தக் கருவாடு தங்கத்துக்குச் சமமாக இருந்தது. தரம் குறைந்தது கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு, அடிமைகளின் உணவாகக் கப்பலேறியது.

1763இல் பரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கனடா முழுவதையும் பிரித்தானியாவுக்கு இழந்தது. ஆனாலும் மீனைக் கைவிட மனமில்லை. தன் மீனவர்கள் ஒதுங்க ஒரு கரையாவது வேண்டும் என்று கேட்டு வாங்கியவையே இந்தத் தீவுகள். கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு ஐம்பது பேருக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். கையளிக்கும் முன்பு தீவுகளை அளந்து படம் வரைய ஜேம்ஸ் குக்கை அனுப்பினார்கள் பிரித்தானியர். பின்னர் பசிபிக் சமுத்திரத்தில் பேர்பெற்ற அதே குக்தான். அவர் அளந்து முடிக்கும்வரை புதிய பிரெஞ்சு ஆளுநர் ஏதேதோ சாட்டுகள் கேட்டபடி கப்பலிலேயே காத்திருந்தார்.

இதே ஒப்பந்தத்தில்தான் பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. அதன் பிறகும் சென் பியேரும் பாண்டிச்சேரியும் ஒன்றாகவே கைமாறின. 1778இல் இரண்டையும் பிரித்தானியர் பிடித்தார்கள். 1783இல் திருப்பிக் கொடுக்க இணங்கினார்கள். 1793இல் மீண்டும் பிடித்தார்கள். 1816இல் இரண்டும் பிரான்சிடம் வந்தன. ஐரோப்பாவில் இரண்டு அரசர்கள் கோபித்துக்கொண்டால், சோழமண்டலக் கரையிலும் அத்திலாந்திக் பாறையிலும் ஒரே வருடத்தில் கொடி மாறியது.

பாண்டிச்சேரியில் கொடி மாறினாலும் சனங்கள் ஊரிலேயே இருந்தார்கள். சென் பியேர்–மிக்லோனில் அப்படியில்லை. அங்கே கொடியோடு சனமும் அகற்றப்பட்டது. அந்தச் சனத்தில் பெரும்பகுதியினர் அக்காடியர்கள். இன்றைய நோவா ஸ்கோஷியாவில் தலைமுறைகளாக விவசாயம் செய்த பிரெஞ்சுக் குடிகள் இவர்கள். பிரித்தானிய அரசருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்காக 1755 முதல் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிச் சிதறடிக்கப்பட்டார்கள். 1763க்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் மிக்லோனுக்கு வந்து, கல்லும் சேறுமான நிலத்தில் குடிசை போட்டார்கள். நான்கே வருடங்களில், 1767இல், தீவு இவ்வளவு பேருக்குச் சோறு போடாது என்று சொல்லி அவர்களைப் பிரான்சுக்குப் போகச் சொன்னது அவர்களுடைய சொந்த பிரெஞ்சு அரசே. போனார்கள். அடுத்த வருடமே பலர் திரும்பி வந்தார்கள். 1778இல் பிரித்தானியர் வந்து வீடுகளை எரித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1783க்குப் பிறகு திரும்பி வந்தார்கள். 1793இல் மீண்டும் பிடிபட்டு, மீண்டும் அகற்றப்பட்டார்கள். 1816இல், உயிரோடு எஞ்சியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மறுபடி வந்து இறங்கினார்கள்.

1755இல் கைக்குழந்தையாகக் கப்பலேறிய ஒருத்தி, இந்தக் கடைசித் திரும்புதலின்போது அறுபது கடந்த கிழவியாக இருந்திருப்பாள். இடையில் எத்தனை கப்பல், எத்தனை பதிவுப் புத்தகம், எத்தனை எழுத்தர்கள் அவளுடைய பெயரைப் பிழையாக எழுதியிருப்பார்கள்? எமது பெயர்களும் விமான நிலையத்தில் இரண்டாக வெட்டப்பட்டு, பிறந்த திகதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி முதலாம் திகதி பிறந்தநாளாக்கப்பட்டதை நாம் அறிவோம். அக்காடியர்களுடைய துயரத்தையும் எமது துயரத்தையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அவர்களை அழைத்துப்போக ஓர் அரசாவது இருந்தது. ஆனால் அவர்கள் திரும்பத் திரும்ப வந்த இடம் ஒரு சொர்க்கபூமியல்ல, ஐந்து பாகைத் தீவு என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1816க்குப் பிறகு பாஸ்க், பிரெத்தோன், நோர்மன் மீனவர்களும் வந்து குடியேறினார்கள். தீவின் கொடியில் இந்த மூன்று மக்களின் அடையாளங்களும் இருக்கின்றன. பாஸ்க் மக்கள் சுவரில் பந்தடித்து விளையாடும் திடல் 1906இல் கட்டப்பட்டது; இன்றும் பாவனையில் இருக்கிறது. கொடியில் இடம்பெறாத ஒரு கூட்டமும் உண்டு. கரையில் மீன் காயவைக்கப் பிரெத்தோன் கிராமங்களிலிருந்து சென் மாலோ துறைமுகம் வழியாகக் கூட்டி வரப்பட்ட வறிய சிறுவர்கள்தான் அவர்கள். கூழாங்கல் பரப்பிய கரைக்குப் பிரெஞ்சில் 'கிறாவ்'; அதில் வேலை செய்பவன் 'கிறாவியே'. எமது ஊர்க் கரைகளில் பருவகாலத்துக்கு வாடி அடித்துத் தங்கிக் கருவாடு போடுவதைப் போன்ற வேலைதான். விடியற்காலையில் மீனைக் கற்களின்மேல் விரிக்கவேண்டும். வெயில் ஏறினால் புரட்டவேண்டும். மூட்டம் வந்தால் ஓடிப்போய்க் குவித்து மூடவேண்டும். பனிமூட்டம் குடிகொண்ட ஊரில் இது நாளொன்றுக்கு எத்தனை தடவை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இளவேனிலில் வந்து, மாதக்கணக்கில் குனிந்தபடி உழைத்து, இலையுதிர்காலத்தில் திரும்பினார்கள். தீவின் செல்வம் பற்றிப் பேசும்போது கப்பல் முதலாளிகளின் பெயர்தான் வரும். குசினியில் பின்வாசலால் நுழைந்து பின்வாசலால் போகும் எமக்கு இந்தப் பொடியன்களை மறந்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அமெரிக்காவில் மதுவிலக்கு அமுலில் இருந்த 1920 முதல் 1933 வரையான காலம் ஒரு விசித்திரமான இடைக்கதை. கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு விஸ்கி அனுப்ப முடியாது, பிரெஞ்சுத் தீவுக்கு அனுப்பலாம்; அங்கிருந்து இரவில் எங்கே போகிறது என்பது யாருடைய பிரச்சினையும் அல்ல. மீன் கிடங்குகள் சாராயக் கிடங்குகளாயின. படகில் ஏற்றும்போது சத்தம் கேட்காதிருக்கப் போத்தல்களை மரப்பெட்டியிலிருந்து எடுத்துச் சாக்குகளில் கட்டினார்கள். மிஞ்சிய பெட்டிப் பலகையில் அடுப்பெரித்தார்கள். 'கட்டி சார்க்' விஸ்கிப் பெட்டிகளால் ஒரு வீடே கட்டினார்கள். 1933இல் எல்லாம் ஒரே நாளில் நின்றபோது, மீன்பிடியைக் கைவிட்டிருந்த தீவு வெறுங்கையோடு நின்றது.

1941 டிசம்பர் 24ஆம் திகதி டு கோலின் கட்டளைப்படி தளபதி மியூசெலியேயின் கப்பல்கள் வந்து, ஒரு வெடிகூடத் தீராமல், விஷி ஆட்சியிடமிருந்து தீவுகளைக் கைப்பற்றின. அடுத்த நாளே, நத்தாரன்று, வாக்கெடுப்பு. செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 98 வீதம் சுதந்திர பிரான்சுக்கு. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. தன்னைக் கேளாமல் நடந்தது என்று அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் கோர்டல் ஹல் கொதித்தார். ஆறாயிரம் பேர்கூட இல்லாத பாறைக்காக வாஷிங்டன் வாரக்கணக்கில் சண்டை பிடித்தது.

யுத்தத்துக்குப் பிறகு ஆட்சி வடிவம் அடிக்கடி மாறியது. 1946இல் கடல்கடந்த பிரதேசம். 1976இல், தீவில் எதிர்ப்பு இருந்தபோதும், பிரெஞ்சு மாவட்டம். அது கனடாவோடான வியாபாரத்துக்கும் ஐரோப்பியச் சுங்க விதிகளுக்கும் ஒத்துவராமல் போக, 1985இல் தனி அந்தஸ்து. இன்று பரிஸ் நியமிக்கும் பிறிபே ஒருவர். தெரிவு செய்யப்பட்ட 19 பேர் கொண்ட பிரதேச சபை. இரண்டு மாநகர சபைகள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒருவர், செனற்றில் ஒருவர். வரி, சுங்கம், கட்டட அனுமதி ஆகியவை சபையின் கையில். பாவிப்பது யூரோ, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தீவு இல்லை. கடும் நோய் வந்தால் கனடாவுக்கோ பிரான்சுக்கோ விமானம் ஏறவேண்டும். மேற்படிப்புக்கும் அப்படியே.

கடைசியில் மீனும் போனது. கடல் எல்லை பற்றிய பிரான்ஸ்–கனடா வழக்கில் 1992 ஜூன் 10ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பிரான்ஸ் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது தீவுகளைச் சுற்றி ஒரு வட்டமும், தெற்கு நோக்கிப் பத்தரைக் கடல்மைல் அகலத்தில் நீண்ட ஒரு கீற்றும். படத்தில் பார்த்தால் பாண் போலிருப்பதால் தீவார் அதற்கு 'பகெற்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம், ஜூலை 2இல், வடக்கத்திய மொறு பிடிப்பதைக் கனடா தடைசெய்தது. நியூபவுண்லாந்துப் பக்கத்தில் மட்டும் சுமார் 30,000 பேர் தொழிலிழந்தார்கள். மறு வருடம் தீவுகளைச் சுற்றியுள்ள கடலிலும் தடை. இருநூறு வருடங்களாக அரசுகள் சண்டைபோட்ட அந்த மீனைப் பெரும் இழுவைக் கப்பல்கள் சில பத்து வருடங்களில் வழித்தெடுத்திருந்தன. இழுவைப் படகு என்றால் என்னவென்று வடக்கு மீனவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இன்று தீவின் சீவியம் பெரும்பாலும் அரச உத்தியோகத்தில் தங்கியிருக்கிறது.

வோக்கியேயின் யோசனைக்குத் தீவின் நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். கடல்கடந்த பிரதேசங்களுக்கு அப்போது பொறுப்பாயிருந்த அமைச்சர் மனுவல் வால்ஸும் அதைக் கண்டித்தார். பழைய குற்றவாளிக் குடியேற்றங்களின் ஞாபகம் அங்குள்ளவர்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. அந்த எதிர்ப்பெல்லாம் எம்மீதான அன்பினால் வந்தது என்று நாம் நம்பவில்லை. தமது வீட்டைச் சிறை என்று சொன்னதற்கான கோபமே அதில் பெரும்பங்கு. அதுவும் நியாயமான கோபம்தான். அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் புதிய தீர்வைப் பட்டியலில் இந்தத் தீவுக்கு 50 வீதம் என்று போட்டுப் பின்னர் 10 ஆக்கினார்கள்.

மிக்லோன் கிராமத்தில் இப்போது வேறொரு பேச்சு நடக்கிறது. சுமார் அறுநூறு பேர் வாழும் அக்கிராமம் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. கடல் ஏறி வருவதால் அங்கே புதிதாக வீடு கட்டுவதற்குக் கட்டுப்பாடு வரும் என்று 2014இல் அங்கு சென்ற ஜனாதிபதி ஒல்லாந்த் அறிவித்தபோது பலர் ஆத்திரப்பட்டார்கள். புயல்கள் சில வந்துபோன பிறகு பலருடைய மனம் மாறியது. சற்று உள்ளே, மேட்டு நிலத்தில் கிராமத்தைப் புதிதாக அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் அல்ல, பல பத்து வருடங்களில், விரும்பியவர்கள் முதலில். போக ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்காக நிலத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். மற்றவர்கள் இன்னும் கரையில்தான் இருக்கிறார்கள்.