விழுந்த மரம் யாருக்குச் சொந்தம்?

மரம் வெட்டிய ஒருவரை மீட்க நியூஜெர்சியில் சிறையையே உடைத்திருக்கிறார்கள். 1745 செப்டம்பர் 19, நெவார்க். சாமுவேல் பால்ட்வின் என்பவர் ஹார்ஸ்நெக் என்ற பகுதியில் மரம் வெட்டினார். அது எங்கள் நிலம் என்று கிழக்கு ஜெர்சியின் நில உரிமையாளர் சபை அவரைச் சிறையில் தள்ளியது. ஏறக்குறைய 150 பேர் தடி, கோடாலி, கடப்பாரையோடு வந்தார்கள். கதவை உடைத்து ஆளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். லெனாபே பூர்வகுடிகளிடம் விலை கொடுத்து வாங்கிய நிலம் என்பது குடியேறிகளின் வாதம். மன்னர் வழி வந்த பட்டயம் எங்களிடம் இருக்கிறது என்பது சபையின் வாதம். ஹார்ஸ்நெக் என்பது இன்றைய கால்ட்வெல் சுற்றுவட்டாரம். ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: அந்தச் சபை கலைந்தது 1998இல். நான் இந்த மாநிலத்துக்கு வேலைக்கு வந்து இறங்கியபோது அது இன்னும் உயிரோடு இருந்தது.

எனக்கு இந்த வழக்கில் தனி அக்கறை உண்டு. எங்கள் அப்பத்தா பரமக்குடியில் விறகுக் கடை வைத்திருந்தாள். கண்மாய்க்கரைக் கருவேலம் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் வெட்டிய பிறகு கிடக்கும் சுள்ளி யாருக்கு என்பதில் ஒவ்வொரு வருஷமும் தகராறு. பொறுக்கிய பெண்களின் தலைச்சுமையைக் காவல்காரர் இறக்கி வைக்கச் சொல்வார். கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் வசவு, சில நேரம் கொஞ்சம் காசு. மலைப்பக்கம் இதைவிடக் கடுமை. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, தாத்தன் காலத்திலிருந்து எடுத்துவந்த விறகை எடுப்பதே திருட்டாகிவிட்டது. நெவார்க்கில் கடப்பாரை தூக்கினார்கள்; எங்கள் ஊரில் அந்தி சாய்ந்த பிறகு போய்ப் பொறுக்கினார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்.

சோமர்செட் கவுண்டியில் எங்கள் வீட்டில் இப்போது ஒரு விறகு அடுப்பு இருக்கிறது. சமைக்க அல்ல, குளிருக்கு. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அடித்து மின்சாரம் போனபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது: கேஸ் ஹீட்டர் என்று பெயர், ஆனால் அதன் விசிறி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அடுத்த வாரமே, நவம்பர் 7 அன்று, பனி வேறு கொட்டியது. அதற்கு முந்தைய ஆண்டும் சரியாக அதே அக்டோபர் 29 அன்று பனிப்புயல். இன்னும் இலை உதிர்க்காத மரங்கள் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தன. தெருவெல்லாம் மரம், வீட்டுக்குள் குளிர். விறகுக் கடைக்காரி பேரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? மறு வருஷம் அடுப்பு வாங்கினோம்.

பழைய ஆட்கள் எவ்வளவு எரித்தார்கள் என்று படித்தால் தலை சுற்றும். இங்கே விறகின் அளவு கார்டு. 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமாக அடுக்கினால் 128 கன அடி, அது ஒரு கார்டு. காலனி காலத்து நியூ இங்கிலாந்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு முப்பது நாற்பது கார்டு எரித்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் மதிப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்கு இரண்டு கார்டு தாராளம். திறந்த கணப்பில் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது. காடு கண்ணுக்கு எட்டும்வரை இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. இந்த வெள்ளைக்காரர்கள் ஏன் கடல் தாண்டி வந்தார்கள் என்று ரோட் ஐலண்ட் பக்கத்துப் பூர்வகுடிகள் யோசித்துப் பார்த்து, ஊரில் விறகு தீர்ந்துவிட்டது போலும் என்று முடிவு கட்டியதாக 1643இல் ரோஜர் வில்லியம்ஸ் எழுதி வைத்திருக்கிறார். நான் படித்த அளவில் காலனி வரலாற்றில் இதைவிடக் கூர்மையான ஊகம் இல்லை.

நியூஜெர்சியில் விறகின் அருமை தெரிந்தது அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில். 1779 டிசம்பரில் வாஷிங்டனின் படை மாரிஸ்டவுன் பக்கம் ஜாக்கி ஹாலோவில் வந்து இறங்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள். அந்தப் போரிலேயே மிகக் கொடிய குளிர்காலம். நியூயார்க் துறைமுகமே உறைந்துபோன வருஷம். ஹென்றி விக் என்ற விவசாயிக்கு அங்கே 1,400 ஏக்கர் இருந்தது, பெரும்பாலும் மரம். படை அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மரமும் ஒரு காரணம். ஆயிரத்துக்கும் மேல் குடிசைகள் கட்ட மட்டும் 600 ஏக்கர் ஓக், வால்நட், செஸ்ட்நட் சாய்ந்தன. எரித்தது தனிக் கணக்கு. விக் வீடு இன்றும் நிற்கிறது. சுற்றிலும் டியூலிப் பாப்லர் மரங்கள் நெடுநெடுவென்று வானத்துக்குப் போகின்றன. பார்க்க அழகு, விறகுக்கு மட்டம். நல்ல மரத்தை மனிதன் முதலில் வெட்டுகிறான், வெட்டிய இடத்தில் வேகமாக வளர்வது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜாக்கி ஹாலோவில் நடக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது இதுதான்.

எதிர்த்தரப்புக்கும் அதே பாடு. பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த நியூயார்க் நகரத்துக்கு விறகு வேண்டும். மரம் ஹட்சன் ஆற்றின் ஜெர்சிக் கரையில். இன்றைய நார்த் பெர்கன் பக்கத்தில் புல்ஸ் ஃபெரி என்ற துறையில், மன்னர் பக்கம் நின்ற விறகு வெட்டிகள் கட்டைகளால் ஒரு சிறு கோட்டை கட்டிக்கொண்டார்கள். 1780 ஜூலையில் ஜெனரல் அந்தோனி வெய்ன் பீரங்கியோடு அதைத் தாக்கினார். உள்ளே இருந்தது சுமார் 70 பேர். கோட்டை விழவில்லை. வெய்ன் அந்தப் பக்கத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினார். இதைக் கிண்டலடித்து ஒரு நெடும்பாட்டே எழுதினார் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஆண்ட்ரே. அதே ஆண்டு அக்டோபரில் அவரை உளவாளி என்று தூக்கிலிட்டார்கள். விறகு வெட்டிகள் ஒரு ஜெனரலைத் திருப்பி அனுப்பிய இந்தச் சண்டையைப் பள்ளிப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது.

தட்டுப்பாடு வந்தால்தான் மனிதனுக்கு எது நல்ல விறகு என்ற ஆராய்ச்சி பிறக்கும். முன்பு வாசலில் கிடைத்த விறகைச் சில ஊர்களில் நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று 1744லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதினார். அதற்காகவே அவர் செய்தது இரும்பு அடுப்பு. காப்புரிமை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் என் மனதுக்கு நெருக்கமான ஆள் அவரல்ல, மார்கஸ் புல். டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிலடெல்பியாவில், ஒவ்வொரு மரத்தையும் எரித்து, எது எவ்வளவு சூடு தருகிறது என்று அளந்து, 1826இல் அறிஞர் சபை முன் வைத்தார். ஷெல்பார்க் ஹிக்கரிக்கு 100 என்று வைத்தால், அதே கன அளவு வெள்ளை ஓக்குக்கு 81, செஸ்ட்நட்டுக்கு 52, வெள்ளைப் பைனுக்கு 42.

அவருடைய இன்னொரு முடிவுதான் என்னை அப்பத்தா கடைக்கே கொண்டுபோனது. நன்றாக உலர்ந்த கட்டை என்றால், எடைக்கு எடை எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான் தருகிறது. ஹிக்கரி உசத்தி என்பது அது கனமான மரம் என்பதால். இங்கே விறகை இடத்தை அடைக்கும் அளவில் விற்கிறார்கள். ஆகவே எந்த மரம் என்று தெரியாதவன் ஏமாறுவான். அப்பத்தா கடையில் சங்கிலித் தராசு. எடைக்கு விற்பனை. அங்கே ஏமாற்ற ஒரே வழி ஈரம். அதனால்தான் வாங்க வருகிறவர்கள் புளியா கருவேலா என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம். “ஈர விறக வித்தா இன்னைக்கிக் காசு, நாளைக்கி வாசல்ல வசவு” என்பாள் அப்பத்தா. மரமும் முக்கியம்தான், ஆனால் அது வேலையைப் பொறுத்தது. கல்யாணச் சமையல்காரர் சவுக்கு கேட்பார், சட்டென்று பிடித்து நின்று எரியும். நெடுநேரம் தணல் வேண்டுமென்றால் புளி, கருவேல். முருங்கையை யாரும் கடைக்குள் விடமாட்டார்கள்.

மாநிலத்தின் தெற்கே பைன் பேரன்ஸ் காட்டில் வேறு கதை. அங்கே விறகு கரியாகி இரும்பைக் காய்ச்சியது. 1766இல் சார்லஸ் ரீட் தொடங்கிய பாட்ஸ்டோ உலை, சதுப்பு நிலத்தில் ஊறிக் கிடந்த இரும்புத் தாதுவை உருக்கி, போருக்குக் குண்டும் வீட்டுக்குக் கொப்பரையும் வார்த்தது. அப்படி ஓர் உலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பைன் காடு வேண்டும் என்பார்கள். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, சருகும் மண்ணும் மூடி, உள்ளே நெருப்பு வைத்து, வெளியே வெடிப்பு விடுகிறதா என்று நாள்கணக்கில் தூங்காமல் பார்ப்பது அங்கே கரி சுடுபவர் வேலை. பாட்ஸ்டோவில் அந்த விளக்கத்தைப் படித்தபோது பக்கத்தில் நின்ற மனைவியிடம், “இது நம்ம ஊரு கரிமூட்டம்” என்றேன். முதுகுளத்தூர், கமுதி பக்கம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுவது அச்சு அசலாக இதுதான். பிட்ச் பைன் மரம் வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், சீமைக்கருவேலும் அப்படித்தான். பென்சில்வேனியா நிலக்கரி வந்ததும் பைன் பேரன்ஸில் இந்தத் தொழில் படுத்தது. பாட்ஸ்டோ உலை கடைசியாக எரிந்தது 1848இல்.

சீமைக்கருவேல் என்றதும் டெக்சாஸ் நினைவுக்கு வருகிறது. அங்கே மெஸ்கீட் என்று கொண்டாடி இறைச்சி வாட்டுகிறார்களே, அது இதன் சொந்தக்கார மரம். இங்கே ஜெர்சிக் கடையிலும் கையளவு துண்டுகளைப் பையில் கட்டி விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் அப்பத்தா எழுந்து வந்து கடையை மறுபடி திறந்துவிடுவாள். கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில் இருக்கும் என் தம்பிக்கு அந்த யோகமும் இல்லை. 2008இல் அங்கே காற்று மோசமான குளிர்கால நாட்களில் விறகு எரிக்கத் தடை வந்தது. அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படிப் புகையில் அப்பத்தாவின் கண்ணும் நெஞ்சும் பட்ட பாட்டைப் பார்த்தவன் விறகைப் புனிதமாக்க முடியாது.

நியூஜெர்சியில் இன்று விறகு மலிந்து கிடக்கிறது. காரணம் நல்ல காரணம் இல்லை. 2002இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்த மரகதத் துளைப்பான் வண்டு, 2014 மே மாதம் எங்கள் கவுண்டியின் பிரிட்ஜ்வாட்டரில் அகப்பட்டது. ஆம், பெருமாள் கோவில் இருக்கும் அதே பிரிட்ஜ்வாட்டர். ஆசியாவிலிருந்து பெட்டிக் கட்டையில் ஏறி வந்ததாகக் கருதப்படும் இந்த வண்டு, ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் புழுவாகப் புகுந்து, நெளிநெளியாகத் தின்று, மரத்தின் நீரோட்டத்தை அறுத்துவிடுகிறது. சில வருஷத்தில் மரம் செத்துவிடும். பட்டையில் பாருங்கள்: ஆங்கில டி எழுத்து படுத்த மாதிரி, மிளகு கூட நுழையாத துளை. அதுதான் வண்டு வெளியே போன வாசல். மரங்கொத்தி வந்து புழுவுக்காகப் பட்டையை உரித்த இடம் தூரத்திலிருந்தே வெளிறித் தெரியும். நகராட்சி ஆட்கள் வெட்டிப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்.

விறகாக ஆஷ் முதல் தரம். புதிதாக வெட்டிய சிவப்பு ஓக்கில் உலர்ந்த எடையில் முக்கால் பங்கு அளவுக்கு நீர் இருக்கும். ஆஷில் பாதிகூட இராது. சாண்டியில் விழுந்த ஓக் பிளந்து அடுக்கிய பிறகும் மறுவருஷக் குளிருக்குச் சீறிக்கொண்டு புகைந்தது. ஆஷ் ஒரு கோடை வெயிலில் தயார். கோடாலிக்கும் நேராகப் பிளந்து கொடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டையில் மயிரடர்ந்த கயிறு போலக் கொடி ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். அது பாய்சன் ஐவி. புகை நெஞ்சுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆஷ் வண்டு தானாகப் பறந்தால் சில மைல்தான். நூறு மைல் போவது நம் கார் டிக்கியில் ஏற்றும் விறகோடுதான். இதற்கு முன்பு கார்ட்டரெட், உட்பிரிட்ஜ் பகுதிகளில் 2004இல் வேறொரு ஆசிய வண்டு வந்தபோது, மரங்களை வெட்டித் தூளாக்கி, விறகு வெளியே போகாமல் தடுத்து, ஜெர்சியில் அது ஒழிந்தது என்று அறிவிக்க 2013 ஆனது. ஆகவே, பொகோனோ மலைப் பக்கம் குடும்பத்தோடு முகாம் போகிறவர்கள் வீட்டு விறகை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். போகிற ஊரிலேயே வாங்குங்கள். பூங்காவில் கிடக்கும் கட்டையை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். தெருவோரம் வெட்டிப் போட்ட ஆஷ் கண்ணில் பட்டால், அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு எடுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.