கொள்ளைநோயும் பிரயோக ஆராய்ச்சி நிதியும்: சென்னை

பெருந்தொற்று ஒன்று தேசத்தைக் கடந்து செல்லுங்கால், அதன் கிருமியை அறிவதோடு அமையாது, மக்களின் தேக நலத்தையும் வைத்தியசாலைகளின் நடைமுறையையும் வீட்டில் நோயாளியைப் பேணும் வழக்கத்தையும் அது எவ்வாறு பாதித்தது என்று கண்டு, கண்டதைத் தாமதமின்றிச் சிகிச்சைக்குப் பயன்படுத்தச் செய்யப்படுவது பிரயோக ஆராய்ச்சி. அதற்குப் பொருள் வழங்கப்பட்ட வரலாற்றைச் சென்னையை, சிறப்பாகத் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் டோல்கேட்டுச் சுற்றுவட்டாரத்தை, முன்னிறுத்தி இக்கட்டுரை கூறும்.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோயே இந்தியாவில் இத்தகைய செலவுக்கு வழி திறந்தது. 1905இல் இந்தியா மந்திரியின் அலுவலகமும் ராயல் சொசைட்டியும் லிஸ்டர் ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த குழு, பம்பாயில் பரிசோதனைகள் நடத்தி, நோயைப் பரப்புவது எலியின் தெள்ளுப்பூச்சியே என்று உறுதிப்படுத்திற்று. 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் பிறந்தது. 1949இல் அதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது. ஆயினும் 1918இன் இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொண்டு சென்றபோது, சங்கம் ஏழு வயதுக் குழந்தை; வைத்தியர்களிலும் பலர் யுத்த சேவைக்குப் போயிருந்தனர். அப்பேரழிவிலிருந்து பிழைத்தவர்களின் பிற்கால நிலையைத் தொடர்ந்து ஆராய்வதற்கு அன்று வசதி இல்லாதிருந்தது பெருங்குறையே.

சென்னையின் தனிப் பெருமை பிறிதொரு நோயால் வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி, காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைச் சேத்துப்பட்டில் நிறுவின. சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்து மருந்து தருவதும், நெருக்கமான ஏழை வீட்டிலேயே இருத்தி அதே மருந்தைத் தருவதும் பயனில் வேறுபடுமா என்பது அந்நிலையம் எடுத்துக்கொண்ட முதல் வினா. ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய இரு மருந்துகளை ஓராண்டு உண்ட 193 நோயாளரை ஒப்பிட்டு 1959இல் வெளியிட்ட முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்று காட்டியது. உடனுறைந்த உறவினரை நோய் தொற்றும் அபாயமும் அதனால் மிகவில்லை என்று தொடர்ந்து வந்த ஆய்வு கண்டது. துறைமுகத்திலும் ஆலையிலும் அன்றாடக் கூலி பெறும் ஒருவன் ஓராண்டு வீட்டைப் பிரிந்தால் அடுப்பெரியாத குடும்பங்கள் நிறைந்த, டோல்கேட்டை உள்ளடக்கிய வடசென்னைக்கு இம்முடிவு எத்தகைய விடுதலையென்று கணிப்பது அரிது. உலகெங்கும் சானடோரியப் படுக்கைகள் குறைந்ததற்கும் இது முக்கிய காரணமாயிற்று. நோயாளியின் வாழ்க்கை நிலையையே வினாவாக்கிய காரணத்தால், இங்கே செலவிடப்பட்ட பொருள் வேறெங்கும் காணாத பலனைத் தந்தது. அந்நிலையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் வளர்ந்தது.

2020இல் கொரோனா பரவியபோது இராயபுரமும் டோல்கேட்டை அடுத்த தண்டையார்பேட்டையும் முதலிலேயே கடுமையாகத் தாக்குண்டன. ஜூலையில் மாநகராட்சியும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை விஞ்ஞானிகளும் 12,405 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 21.5 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. மண்டலவாரியாகப் பார்க்குங்கால் தண்டையார்பேட்டையே முதலிடம் பெற்று 40 விழுக்காட்டைத் தாண்டியது. அக்டோபரில் நகர முழுமைக்கும் 32.3 விழுக்காடு. அதே ஜூலையில் காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. கொரோனாவில் முதியோருக்கு எவ்விதம் உதவும் என்ற ஆய்வையும் காசநோய் நிறுவனம் சென்னையில் தொடங்கிற்று. நோயிலிருந்து தேறியவரின் பிளாஸ்மாவைச் செலுத்துவது பயன்படுமா என்று கழகம் தன் செலவில் 39 வைத்தியசாலைகளில் 464 நோயாளரிடம் சோதித்து, இறப்பைக் குறைக்கவில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டது. ஆனால் தேசியச் சிகிச்சை வழிமுறையிலிருந்து பிளாஸ்மா நீங்கியது 2021 மே மாதத்தில்தான். அதற்கிடையே இரண்டாம் அலையில் பிளாஸ்மா தேடி அலைந்த உறவினரை எண்ணும்போது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் அதன் முடிவை ஏற்பதிலும் வேகம் காட்டியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தத் தோன்றுகிறது.

கொரோனாவின் நெடுநாள் விளைவை ஆராயப் பிரிட்டன் 2020இலேயே 84 லட்சம் பவுன் ஒதுக்கியது; அமெரிக்கா 2020 டிசம்பரில் 115 கோடி டாலர் ஒதுக்கியது. நம் நாட்டிலோ, கொரோனாவால் பிற நோய்ச் சிகிச்சை தடைப்பட்ட சேதம் கண்முன் தெரிந்தது: 2019இல் 24 லட்சத்தைத் தாண்டிய காசநோய்ப் பதிவு 2020இல் 18 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்து இவ்வாறு ஆகவில்லை. ஊரடங்கால் நோயாளர் கண்டறியப்படாமல் வீட்டிலேயே தங்கிவிட்டனர்.

இவ்வாறு காலங்கடந்து கடுமையான நிலையில் வரும் காசநோயாளரைக் காப்பதற்கென, அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு 2022இல் தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கிற்று. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தின் பிராணவாயு அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் சக்தி ஆகிய ஐந்தையும் ஆய்வுக்கூட உதவியின்றியே சுகாதார ஊழியர் பார்த்து, அபாய நிலையிலுள்ளவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க அனுப்புகின்றனர்.