தமிழ்க் கட்டளைவரிக் கருவிகளில் நிரல் சுருக்கம்: எழுத்தெண்ணலும் அகரவரிசையும்

விழுப்புரம் என்ற பெயரில் ஆறு எழுத்துகள் உள்ளன. லினக்ஸ் கணினியின் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் இப்பெயரைக் கொடுத்து பைட்டுகளை எண்ணச் சொன்னால் 33 என்கிறது. ஒருங்குறி (யூனிகோட்) குறியெண்களை எண்ணச் சொன்னால் 11 என்கிறது. ஆறு என்ற விடை அதன் எந்தத் தெரிவிலும் கிடைப்பதில்லை. திண்டிவனத்துக்கும் இதே நிலைதான்: 30 பைட்டுகள், 10 குறியெண்கள், எழுத்துகளோ ஆறு. தமிழ் எழுத்தை எண்ணும் சிறுகருவி ஒன்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கருவி எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விழுப்புரத்தில் இக்கேள்விக்கு ஒரு பொருத்தம் உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி தருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இயங்குகின்றன. முதல் தலைமுறையாக நிரல் எழுத வருபவர்கள் நிறைந்த இத்தகைய வகுப்பறைகளில் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம்; எழுதியதைக் குறைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. தரவின் இயல்பை அறிந்தவரால்தான் நிரலை நேர்மையாகச் சுருக்க முடியும் என்பதும், தமிழைக் கையாளும் கருவிகளில் அந்த அறிவு எழுத்திலக்கணத்திலிருந்தும் ஒருங்குறியின் அமைப்பிலிருந்தும் ஒருசேர வர வேண்டும் என்பதும் என் வாதம்.

எழுத்தெண்ணும் கருவியை முதன்முதலாக எழுதுகிறவர் பெரும்பாலும் 247 எழுத்துகளையும் ஒரு பட்டியலாக நிரலுக்குள் இட்டுக்கொள்வார். பிறகு உள்ளீட்டை இடமிருந்து வலமாகப் படித்து, பட்டியலில் உள்ள மிக நீண்ட பொருத்தத்தைத் தேடுவார். கிரந்த எழுத்துகளுக்காகப் பட்டியல் மேலும் நீளும். இதனோடு ‘உள்ளீட்டைத் தருக’ என்ற அறிவிப்பு, ‘மீண்டும் தொடரவா?’ என்ற கேள்வி, கோப்பைத் திறக்க ஒரு செயற்கூறு, விசைப்பலகையிலிருந்து படிக்க இன்னொன்று. நிரல் வேலை செய்யும். கோலியனூர் என்ற ஊர்ப்பெயர் வரும் வரையில்.

கோலியனூரில் ஐந்து எழுத்துகள். முதலெழுத்தான ‘கோ’வைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களில் சேமிக்கலாம், ககரம், ஏகாரக் கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் நிகரானவையாகவே கொள்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. முதல் வடிவில் பெயருக்கு 27 பைட்டுகள், இரண்டாவதில் 30. பட்டியலை நம்பிய நிரல் இரண்டாம் வடிவைக் கண்டதும் ‘கே’ என்று ஓர் எழுத்தை எண்ணிவிட்டு, தனித்து நிற்கும் காலை என்ன செய்வதென்று அறியாமல் தடுமாறும். அதைச் சரிசெய்ய ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள்; ஒகரத்துக்கு இன்னொன்று, ஔகாரத்துக்கு மற்றொன்று. நிரல் இப்படித்தான் பருக்கிறது.

பட்டியலே தேவையில்லை. ஒருங்குறியில் தமிழுக்குரிய பகுதி 2944 முதல் 3071 வரை, 128 இடங்கள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006-க்கும் 3021-க்கும் இடையில் அடங்குகின்றன. ஔகாரத்தின் வலப்பக்கக் குறி மட்டும் தனியே 3031-இல் இருக்கிறது. இந்தக் குறிகளை விட்டுவிட்டு மற்றத் தமிழ்க் குறியெண்களை எண்ணினால் எழுத்துகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். மெய்யோ உயிர்மெய்யோ, ஒவ்வொன்றும் ஒரே ஓர் அடியெழுத்தின் மேல் எழுவதுதான் காரணம். கோலியனூரை எந்த வடிவில் கொடுத்தாலும் விடை ஐந்து. சேர்க்க நினைத்த நிபந்தனைகள் எழுதப்படாமலே தேவையற்றுப் போகின்றன. கருவி திட்ட உள்ளீட்டைப் படித்துத் திட்ட வெளியீட்டில் எழுதினால் போதும். அறிவிப்பும் கேள்வியும் போய்விடும். அவை போன பின்புதான் அதைக் குழாய்வழியாகப் பிற கட்டளைகளோடு இணைக்க முடிகிறது. மிஞ்சுவது நான்கைந்து வரிகள்.

குறுகிய நிரலெல்லாம் சரியான நிரலாகிவிடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். 1986-இல் ஜான் பென்ட்லியின் இதழ்ப் பத்தியில், அடிக்கடி வரும் சொற்களைக் கண்டறியும் நிரலை டொனால்ட் குனூத் பல பக்கங்களில் எழுதினார். அதை மதிப்பிட்ட டக்ளஸ் மெக்கில்ராய், அதே வேலையை ஆறு கட்டளைகளைக் குழாயால் கோத்துச் செய்துகாட்டினார். நிரல் சுருக்கத்தைப் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது. அந்த ஆறில் முதலாவது, ஆங்கில எழுத்தல்லாத யாவற்றையும் வரிமுறிவாக மாற்றும் ‘டிஆர்’. குனு தொகுப்பில் அது நெடுங்காலமாக ஒரு பைட்டை ஓர் எழுத்தாகவே கொண்டு இயங்கிவந்திருக்கிறது. மூன்று பைட்டுகளில் அமையும் தமிழ்க் குறியெண்ணை அது ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பைத்தானுக்கு மாறினாலும் இடர் தொடர்கிறது. அதன் தேடுகோவையில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கான இரண்டெழுத்துச் சுருக்கக் குறி, உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. அதைக் கொண்டு சொற்களைப் பிரித்தால் விழுப்புரம் ‘வ’, ‘ழ’, ‘ப’, ‘ப’, ‘ரம’ என்று ஐந்து துண்டுகளாக உடைகிறது. ஆங்கிலத்துக்கு மிக அழகான சுருக்கம், தமிழுக்கு ஊர்ப்பெயரைச் சிதைக்கும் கருவியாகிறது. எனவே, சுருக்குவதற்கு முன் சோதனை வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், இரு வடிவிலும் கோலியனூர் ஆகியவற்றை எதிர்பார்க்கும் விடைகளோடு ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நீக்கத்துக்குப் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பு நிரலைவிட நீளமாக இருப்பதில் தவறே இல்லை.

அகரவரிசைப்படுத்தல் இன்னும் சுவையான களம். அனந்தபுரமும் அவலூர்பேட்டையும் விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். அகராதி முறையில் வகரத்துக்குப் பின்னரே னகரம் வருமாதலால் அவலூர்பேட்டை முந்த வேண்டும். குறியெண் வரிசையிலோ அனந்தபுரம் முந்திவிடும். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இஸ்கி என்னும் இந்தியப் பொதுக் குறியேற்றத்தைத் தழுவியது. தேவநாகரிக்கு இணையாக இடம் ஒதுக்கியதால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் அமைந்துவிட்டன. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போகிறது.

இங்கும் 247 வரிசை எண்களைக் கையால் எழுதிய நிரல்களைக் காணலாம். உண்மையில் மாற்ற வேண்டியவை மிகச் சில. உயிர்களும் அவற்றின் குறிகளும் குறியெண்ணிலேயே சரியான வரிசையில் நிற்கின்றன. பதினெட்டு மெய்களுக்குப் பதினெட்டு இடங்கள்; மெய்யை அடுத்துப் புள்ளி இருந்தால் 0, குறியேதும் இல்லையெனில் அகரத்துக்கு 1, மற்றக் குறிகளுக்கு 2 முதல் 12; ஆய்தத்தை ஔகாரத்துக்குப் பின் நகர்த்த ஒரு விதி. இவ்வளவே. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் என்று இலக்கணம் சொல்லிவைத்ததை நிரல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பெருக்கித் தொகை காணும் வேலை நம்முடையதன்று. ஒரு வேறுபாடு மட்டும் கவனத்துக்குரியது: எண்ணுவதற்குத் தேவைப்படாத இயல்பாக்கம் இங்கே தேவை. பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் முதலில் ஒன்றாக்காவிட்டால் வரிசை பிழைபடும். சுருக்கத்தின் பேரில் அந்த ஒரு வரியை நீக்கக் கூடாது.

சிறுகருவியில் எதைச் சேர்க்கக் கூடாது என்ற கேள்வியை ராப் பைக் 1983-இல் யூனிக்ஸின் ‘கேட்’ கட்டளையை முன்வைத்து எழுப்பினார். கோப்புகளைத் தொடுத்துத் தரும் கட்டளைக்கு, கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டும் வேலை எதற்கு என்பது அவர் கேள்வி. தமிழில் இதற்கு நேரான சிக்கல் ஒன்று உண்டு. ‘கௌரவம்’ என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சு செய்வோர் பலர். எண்ணும் கருவி அதற்கு நான்குக்குப் பதில் ஐந்து என்று விடை தரும். கருவிக்குள்ளேயே திருத்தத்தைப் புகுத்தலாம் என்று மனம் சொல்லும். புகுத்தினால் எண்ணும் கருவி பிழைதிருத்தியாகவும் மாறும். கொடுத்ததை எண்ணாமல் தான் ஊகித்ததை எண்ணும். திருத்துவதைத் தனிக் கருவியாக்கிக் குழாயில் முன்னால் வைப்பதே முறை.

அளவைப் பற்றி ஒரு சொல். டெபியன் லினக்ஸின் நிறுவல் வட்டை ஒரே ஃபிளாப்பியில் அடக்கும் தேவையால் 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் தொடங்கியது பிஸிபாக்ஸ் என்னும் சிறுகருவித் தொகுப்பு. ஒரு மாற்றத்தால் எந்தச் செயற்கூறு எத்தனை பைட்டு கூடியது, எத்தனை குறைந்தது என்று கணக்கிட அதன் மூலநிரலிலேயே ஒரு கருவி இருக்கிறது; மாற்றக் குறிப்புகளில் அந்தக் கணக்கை எழுதும் வழக்கமும் உண்டு. பைத்தானில் எழுதும் நமக்குப் பைட்டுக் கணக்கு பொருந்தாது. ஆனால், மாற்றத்தின் விளைவைக் குறிப்பில் பதியும் பழக்கம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது: எந்தப் பகுதி நீங்கியது, எந்த உண்மை அதைத் தேவையற்றதாக்கியது, எந்தச் சோதனை அதைக் காக்கிறது.

இறுதியாண்டுத் திட்டப்பணியாக நிரல் சுருக்கத்தை ஏற்கலாம் என்பது என் பரிந்துரை. ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரலகங்களின் சிறு பகுதி ஒன்றை முழுதாகப் படித்து, சோதனை எழுதி, காரணத்தோடு சுருக்கித் தரும் மாணவருக்குப் புதுச் செயலி செய்தவருக்கு இணையான மதிப்பெண் தர வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடங்களும் அதில் இருக்கும். ‘ஸ்ரீ’ மேற்சொன்ன விதிப்படி இரண்டு எழுத்து. படிப்பவர் கண்ணுக்கு ஒன்று. ‘க்ஷ’வுக்கும் இதே வழக்கு உண்டு. நான் இரண்டு என்றே கொள்வேன். விதி உடையாமல் நிற்கும். ஒன்று என்று கொள்பவர் கூடுதலாக ஒரு வரி எழுதட்டும். காரணத்தை உதவிக் குறிப்பிலும் விடையைச் சோதனைக் கோப்பிலும் பதியட்டும்.