குருதியில் தென்படா நினைவு: காந்தா சுப்பாராவின் சுவாச வைரஸ் ஆய்வுகள்

முன்னுரை

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியின் பயனைக் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளின் அளவு கொண்டு மதிப்பிடுவது மருத்துவ உலகின் நெடுநாள் வழக்கம். இவ்வளவுகோல் எல்லா வகைத் தடுப்பூசிக்கும் பொருந்துமா என்னும் வினா, காந்தா சுப்பாராவின் ஆய்வுகளில் படிப்படியாக உருப்பெற்றது. 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு 1982இல் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவில் குழந்தைகள் தொற்றுநோய் மருத்துவம் பயின்று, ஆய்வுத்துறைக்குள் நுழைந்தார்.

பறவைக் காய்ச்சல்

1997 மே மாதத்தில் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் சுவாச நோயால் இறந்தான். அவனிடமிருந்து பெறப்பட்ட எச்5என்1 வைரஸை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் சுப்பாராவ் குழுவினர் ஆராய்ந்தனர். அதன் எட்டு மரபணுத் துண்டுகளும் பறவை வைரஸுக்கு உரியவை என்னும் முடிவு 1998இல் வெளியாயிற்று. 1997 பரவலில் நோயுற்ற 18 பேரில் அறுவர் இறந்தனர். மனித இனம் முன்பின் எதிர்கொள்ளாத இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பாற்றலை எவ்வாறு உண்டாக்குவது என்பதே அடுத்த சிக்கல்.

சார்ஸ் தந்த சான்று

2003 பரவலில் சார்ஸ் 8,096 பேரைப் பற்றி, 774 உயிர்களைப் பறித்தது. அப்போது அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய சுப்பாராவ் குழுவினர், 2004இல் எலிகளைக் கொண்ட ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒருமுறை தொற்றுற்ற எலிகள் 28 நாள்களுக்குப்பின் மறுதொற்றிலிருந்து காக்கப்பட்டன. அவற்றின் குருதிநீரைப் பெற்ற புதிய எலிகளின் நுரையீரலில் வைரஸ் பெருகவில்லை. எதிர்ப்பொருள் தனித்து நின்றே நுரையீரலைக் காக்கவல்லது என்பதற்கு இது சான்றாயிற்று.

அளவுகோலின் எல்லை

எச்5என்1 தடுப்பு மருந்து ஆய்வில் இதற்கு நேர்மாறான நிலை தோன்றியது. குளிர்ந்த வெப்பநிலைக்குப் பழக்கப்படுத்தி வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ், தன்னார்வலரின் மூக்கின்வழிச் செலுத்தப்பட்டது. குருதியில் எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவே தோன்றியது. பழைய அளவுகோலின்படி இது தோல்வியே. ஆயின், சில ஆண்டுகள் கழித்து அவர்களுக்குச் செயலிழக்கச் செய்த எச்5என்1 தடுப்பூசி ஒருமுறை செலுத்தப்பட்டபோது, முன்பு மருந்து பெறாதவரைவிட அவர்களிடம் எதிர்ப்பொருள் வலுவாக எழுந்தது. 2014இல் வெளியான இம்முடிவு, உடலில் நினைவு முன்னரே பதிந்திருந்ததைக் காட்டிற்று. மூக்கின்வழி மருந்து பெற்ற குரங்குகளின் மார்புக்கூட்டு நிணநீர்க்கணுக்களில் பி உயிரணுக்களின் எழுச்சியைக் கண்ட பிந்தைய ஆய்வு, அந்நினைவு உருவாகும் இடத்தையும் சுட்டியது.

முடிவுரை

2016இன் இறுதியில் மெல்பர்னிலுள்ள உலக நலவாழ்வு அமைப்பின் இன்ஃப்ளூயன்சா ஒத்துழைப்பு மையத்திற்கு இயக்குநரான சுப்பாராவின் பணி, இரு உண்மைகளை ஒருங்கே நிறுவுகிறது. எதிர்ப்பொருள் காக்கும், அது குருதியில் தென்படாமை தடுப்பாற்றல் இன்மைக்குச் சான்றாகாது. குருதிச் சோதனையை மட்டும் நம்பின், கொள்ளைநோய்க் காலத்தில் உயிர் காக்கக்கூடிய மருந்தொன்று தொடக்கத்திலேயே கைவிடப்படலாம். சுவாச வைரஸின் முதற்களம் மூக்கும் நுரையீரலும் ஆதலின், தடுப்பாற்றலை அளக்கும் முறைகள் அக்களத்தையும் எட்டவேண்டும் என்பதே இவ்வாய்வு வரலாறு உணர்த்தும் முடிவு.