அறுவைக்குப் பின் திரும்பும் புரோஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையும் பத்தியமும் கடந்து வந்த பாதை

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறிய சுரப்பி ஆகும். தமிழில் இது முன்னிற்குஞ்சுரப்பி எனப்படுகிறது. இச்சுரப்பியில் புற்றுநோய் தோன்றினால், அது வெளியே பரவாத நிலையில், சுரப்பி முழுவதையும் அறுவை செய்து அகற்றுவது ஒரு சிகிச்சை முறை. அப்படி அகற்றிய பிறகும் சிலரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. அந்த நிலையில் என்ன சிகிச்சை எடுப்பது, எப்போது எடுப்பது, எதை உண்பது என்ற கேள்விகளுக்கு மருத்துவம் விடை தேடிய வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

அகற்றிய சுரப்பியில் நோய் எப்படித் திரும்பும்?

அறுவையில் சுரப்பி போய்விட்டது. பிறகு அதில் தோன்றிய நோய் எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் இயல்பானது. கண்ணுக்கும் படங்களுக்கும் புலப்படாத சில புற்றணுக்கள், அறுவைக்கு முன்பே சுரப்பியின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். அவை சுரப்பி இருந்த இடத்திலோ, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலோ, எலும்பிலோ தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் பெருகலாம். வயல் முழுவதும் களை எடுத்த பின்னும் மண்ணுக்குள் கிடக்கும் கோரைக்கிழங்கு மீண்டும் முளைப்பதைப் போன்றது இது. எனவே, நோய் திரும்புவது அறுவை தவறாகச் செய்யப்பட்டதற்கான சான்று அன்று.

தொடக்க கால அறுவைகள்

1853-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஆடம்ஸ், நுண்ணோக்கிச் சோதனையின் துணையுடன் ஒரு புரோஸ்டேட் புற்றுநோயை விவரித்து, அது மிக அரிதான நோய் என்று குறிப்பிட்டார். அக்காலத்தில் பெரும்பாலான ஆண்கள் இந்நோய் வரும் வயதை எட்டாமலே இறந்தனர் என்பதே அதற்கு முக்கியமான காரணம்.

1904-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவையைச் செய்தார். 1945-இல் டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியே சுரப்பியை அணுகும் முறையை வெளியிட்டார். ஆயினும் இவ்வறுவைக்குப் பின் சிறுநீரை அடக்க முடியாமையும் ஆண்மைக் குறைவும் பலருக்கு ஏற்பட்டதால், அது பரவலாகவில்லை. 1982-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டிச் செல்லும் மெல்லிய நரம்புகளைக் காக்கும் முறையைக் கையாண்ட பிறகே நிலைமை மாறியது. 2000-க்குப் பிறகு, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்ற மணி மேனன், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ரோபோ வழி அறுவையை முறைப்படுத்தினார். அறுவைகள் பெருகியபோது, அறுவைக்குப் பின் நோய் திரும்பியவர்களின் எண்ணிக்கையும் பெருகியது.

ஹார்மோன் தந்த திருப்பம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1941-இல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். புரோஸ்டேட் புற்றணுக்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளர்கின்றன. விந்தகங்களை அகற்றியோ பெண் ஹார்மோன் கொடுத்தோ அதைக் குறைத்தால், எலும்புவரை பரவிய நோயும் அடங்குகிறது. வலியால் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். இதற்காக 1966-இல் ஹக்கின்ஸ் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. 1967-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு, நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பெண் ஹார்மோன் மருந்து எடுத்தவர்களில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் அதிகம் என்று காட்டியது. புற்றுநோயைக் கட்டுப்படுத்திய மருந்தே உயிருக்கு வேறு வழியில் ஊறு செய்தது. "எதைச் செய்வது" என்பதோடு "எப்போது செய்வது" என்ற கேள்வியும் அன்று முதல் முக்கியமானது.

1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, மூளையிலிருந்து சுரந்து விந்தகத்தை இயக்கும் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தது. 1977-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. இன்று மாதம் ஒரு முறையோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறையோ போடப்படும் ஹார்மோன் ஊசிகள் இக்கண்டுபிடிப்பின் வழியே வந்தவை. ஊசிக்குத் தொடர்ந்து செலவு செய்ய இயலாத குடும்பங்கள் ஒரே முறை செய்யும் விந்தக அகற்றலைத் தேர்வதால், இந்தியாவில் அப்பழைய முறை இன்றும் வழக்கில் உள்ளது.

பி.எஸ்.ஏ.: முன்கூட்டியே ஒலிக்கும் மணி

முன்பெல்லாம் நோய் திரும்பியதை எலும்பு வலியோ சிறுநீர்த் தடையோதான் அறிவித்தது. 1979-இல் ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் மிங் வாங் குழுவினர் புரோஸ்டேட் சுரப்பிக்கே உரிய ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் சுருக்கப் பெயரே பி.எஸ்.ஏ. 1986-இல் அமெரிக்க அரசு இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. அந்த முதல் ஒப்புதல், நோயைப் புதிதாகக் கண்டுபிடிப்பதற்கு அன்று. ஏற்கெனவே நோயுற்றவரைக் கண்காணிப்பதற்கே.

சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டால், சில வாரங்களில் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவிட முடியாத நிலைக்குக் குறைய வேண்டும். பிறகு அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவை எட்டி, மறு சோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பியதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. உடலில் வலியோ கட்டியோ இல்லை. காகிதத்தில் ஓர் எண் மட்டும் ஏறியிருக்கிறது. நலமாக நடமாடும் ஒருவர் நோயாளி ஆகும் இந்தப் புதுவகை நிலையைப் பி.எஸ்.ஏ. சோதனையே உருவாக்கியது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதற்கு 1999-இல் ஒரு விடை கிடைத்தது. வால்ஷ் அறுவை செய்த 1,997 பேரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் 315 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு, பி.எஸ்.ஏ. ஏறியது. உடனடி ஹார்மோன் சிகிச்சை இன்றியே, பி.எஸ்.ஏ. ஏறியதிலிருந்து நோய் பரவியது தென்படும் வரை இடைநிலைக் கணக்கில் 8 ஆண்டுகள் ஆயின. அதன் பின் இறப்பு வரை மேலும் 5 ஆண்டுகள் ஆயின. எல்லாருக்கும் ஒரே வேகம் இல்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது. அறுவைக்குப் பின் இரண்டாண்டுக்குள் பி.எஸ்.ஏ. ஏறினாலோ, அது குறுகிய காலத்தில் இரட்டிப்பானாலோ, கட்டியின் கிளீசன் தரம் 8 முதல் 10 வரை இருந்தாலோ ஆபத்து கூடுதல். எண் எவ்வளவு என்பதைப் போலவே எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் முக்கியம் என்ற பாடம் இதிலிருந்து பிறந்தது.

இரண்டாவது வாய்ப்பு: கதிர்வீச்சு

நோய் சுரப்பி இருந்த இடத்திலேயே தங்கியிருந்தால், அவ்விடத்தில் கதிர்வீச்சு செலுத்திக் குணப்படுத்தும் வாய்ப்பு இன்னும் உள்ளது. இது மீட்புக் கதிர்வீச்சு எனப்படுகிறது. பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே தொடங்கினால் பலன் அதிகம் என்று 2004-இல் வெளியான பல மருத்துவமனைகளின் கூட்டாய்வு காட்டியது.

அப்படியானால், அறுவை முடிந்த உடனேயே எல்லாருக்கும் கதிர்வீச்சு கொடுத்துவிடலாமே என்ற வாதம் எழுந்தது. பிரித்தானியா, பிரான்சு, ஆத்திரேலியா ஆகிய நாடுகளின் தலைமையில் நடந்த மூன்று ஆய்வுகள் 2020-இல் இதற்கு விடை அளித்தன. காத்திருந்து, பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியதும் கதிர்வீச்சு பெற்றவர்கள் பெரும்பாலும் பின்தங்கவில்லை; அவர்களில் பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படவில்லை; சிறுநீர்த் தொல்லைகளும் குறைந்தன. ஆனால் காத்திருப்பது என்பது சோதனையைத் தவறவிடாமல் காத்திருப்பது ஆகும்.

கதிர்வீச்சோடு மருந்தும் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு விடை தந்தது. 760 பேர் பங்கேற்ற அதில், கதிர்வீச்சுடன் இரண்டாண்டுகள் பைகலுட்டமைடு மாத்திரை பெற்றவர்களில் 76.3 விழுக்காட்டினர் 12 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர்; மாத்திரை பெறாதவர்களில் அது 71.3 விழுக்காடு. பி.எஸ்.ஏ. ஒன்பது மாதத்துக்குள் இரட்டிப்பாகும் உயர் ஆபத்தினருக்கு, ஹார்மோன் ஊசியுடன் என்சலுட்டமைடு மாத்திரையைச் சேர்ப்பது நோய் பரவுவதைத் தள்ளிப்போடும் என்று 2023-இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

நோய் எங்கே ஒளிந்துள்ளது என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் முறை 2010-களில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலிருந்து பரவியது. அதே மூலக்கூறுடன் லுட்டீசியம்-177 சேர்த்து, பரவிய நோய்க்குச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இந்தியாவில் இந்த லுட்டீசியம் மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் உருவாக்கப்படுகிறது.

பத்தியத்தின் வரலாறு

தமிழரிடையே நோய் என்றதும் அடுத்து வரும் சொல் பத்தியம். மருந்து பாதி, பத்தியம் பாதி என்ற எண்ணம் ஊறிய மண் இது. எனவே பி.எஸ்.ஏ. ஏறிய செய்தி கேட்டதும் "எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம்" என்று வீட்டார் கேட்பது இயல்பு. அறிவியல் உலகமும் இதே கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது.

சப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆண்களிடம் இந்நோய் தாய்நாட்டினரைவிட அதிகமாகக் காணப்பட்டது. பரம்பரை மாறவில்லை, வாழ்க்கைமுறை மாறியது. ஆகவே உணவின்மேல் கவனம் திரும்பியது. 1995-இல் ஏறத்தாழ 48,000 அமெரிக்க ஆண்களைக் கவனித்த ஆய்வில், தக்காளி அதிகம் உண்டவர்களுக்கு இந்நோய் குறைவாக இருந்தது. இத்தகைய செய்திகள் பெரும் நம்பிக்கையைத் தந்தன.

அதன் பிறகு வந்த சோதனைகள் அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தன. 35,533 ஆண்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2001-இல் தொடங்கியது. வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள் நோயைத் தடுக்குமா என்பதே கேள்வி. பலன் இல்லாததால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. 2011-இல் வந்த கணக்கு இன்னும் கசப்பானது: வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமாக இருந்தது.

அறுவைக்குப் பிந்தைய நிலையையே நேரடியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2006-இல், அறுவை அல்லது கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறிய 46 பேர் நாள்தோறும் மாதுளைச் சாறு அருந்தினர். பி.எஸ்.ஏ. இரட்டிப்பாகும் காலம் 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டது. ஆனால் ஒப்பிடுவதற்குச் சாறு அருந்தாத குழு அதில் இல்லை. பின்னர் போலிச் சாறு பெற்ற குழுவுடன் ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2013-இல், நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த 177 பேரில் ஒரு பகுதியினர் அறுவைக்குப் பின் இரண்டாண்டுகள் வரை சோயாப் புரதம் அருந்தினர். இரு குழுவிலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில் திரும்பியது. 2020-இல், அறுவை செய்யாமல் கண்காணிப்பில் இருந்த 478 பேரிடம் காய்கறி உண்பதைப் பெருக்கியும் நோயின் முன்னேற்றம் மாறவில்லை.

உணவு உண்மையில் உதவும் இடம்

இதனால் உணவு பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறு. ஹார்மோன் குறைப்புச் சிகிச்சை எலும்பைத் தேய்க்கிறது. தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிறது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இடம் தருகிறது. இவற்றை எதிர்கொள்வதில் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் உறுதியான பங்கு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. கேழ்வரகு, கீரை, பருப்பு, மீன், முட்டை, மாலை நடை ஆகியவை விலையுயர்ந்த மாத்திரைப் புட்டிகளைவிட எளியவை. உப்பையும் சர்க்கரையையும் எண்ணெயில் பொரித்தவற்றையும் குறைப்பது, இந்த நோயாளிகளின் மற்றொரு பகையான இதய நோயைத் தள்ளி வைக்கும்.

பத்தியம் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமான இடம் ஒன்றும் உண்டு. பரவிய நோய்க்கு 2011 முதல் வழங்கப்படும் அபிராட்டெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும்; கொழுப்பு மிகுந்த உணவுடன் எடுத்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயரும். இக்குறையையே வாய்ப்பாக்கி, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் 72 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கொழுப்புக் குறைந்த காலை உணவுடன் 250 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் பி.எஸ்.ஏ. ஒத்த அளவில் குறைந்ததை 2018-இல் அது வெளியிட்டது. சோற்றுத் தட்டு மருந்துச் செலவைக் கால் பங்காக்கக்கூடும் என்பது சிறிய செய்தி அன்று. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அளவையோ வேளையையோ மாற்றுவது ஆபத்து.

செம்பரம்பாக்கத்திலிருந்து இரு திசைகள்

சென்னைக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஏரியால் பெயர்பெற்ற ஊர் செம்பரம்பாக்கம். இவ்வூரையும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளையும் சேர்ந்தவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை இரு திசைகளில் வளர்ந்தது. கிழக்கே சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் செல்லும் ஆற்றின் பெயரே அம்மருத்துவமனைக்கும் வழங்குகிறது. அதைக் கட்டி வளர்த்தவர்கள் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும். மேற்கே, 1969-இல் புற்றுநோயால் மறைந்த முதலமைச்சர் அண்ணாவின் நினைவாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது.

சித்த மருத்துவத்தை நாடுவோருக்குத் தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. எந்த மருந்தை உட்கொண்டாலும் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது தேவை. மூலிகைகள் சில, மாத்திரைகளின் வேலையை மாற்றக்கூடும். 2009-இல் தொடங்கி 2012-இல் மறுவடிவம் பெற்ற மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் சிகிச்சைகளுக்கும் உதவுகிறது.

வரலாறு தரும் பாடம்

யங் அறுவை செய்த 1904-இல் நோய் திரும்பினால் செய்வதற்கு ஏதும் இல்லை. இன்று கண்காணிப்பு, கதிர்வீச்சு, ஹார்மோன் ஊசி, புதிய மாத்திரைகள் எனப் பல வழிகள் உள்ளன. எழுபத்தெட்டு வயதில் மெல்ல ஏறும் எண்ணுக்குக் காத்திருத்தலே நல்ல சிகிச்சையாக அமையலாம். ஐம்பத்தைந்து வயதில் விரைந்து ஏறும் எண்ணுக்குக் காலத்தாழ்வு குணமாகும் வாய்ப்பையே பறிக்கலாம். அத்தகையோருக்கு மீட்புக் கதிர்வீச்சுக்கான காலம் திறந்திருப்பது சில மாதங்களாகவே இருக்கலாம். அந்த மாதங்களை மாதுளைச் சாற்றை மட்டும் நம்பிக் கழிப்பவர் இழப்பது பெரிது. உணவு உடலைத் தாங்கும்; புற்றணுவை எதிர்க்கும் பணி சிகிச்சைக்கு உரியது. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்போதே நோயாளி நலம் பெறுகிறார்.