‘மக்கும் பை’ கடந்து வந்த பாதை

‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகள் நம் பச்சைத் தொட்டிகளில் இப்போது அடிக்கடி தென்படுகின்றன. அந்தச் சொல்லுக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதில் ஓர் ஏமாற்றமும் உண்டு.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. பேசிலஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளும் அமிலேஸ் என்ற நொதியைச் சுரந்து அதை வெட்டிச் சர்க்கரையாக்கி உறிஞ்சிக்கொள்கின்றன. நம் எச்சிலிலும் இதே வகை நொதிதான் சோற்றைச் செரிக்கத் தொடங்குகிறது.

இதை நம்பித்தான் 1970-களில் பிரிட்டனில் ஜெரால்ட் கிரிஃபின் பாலித்தீனில் மாவுச்சத்தைக் கலந்தார். ஆனால் கலந்த அளவு குறைவு. மேற்பரப்பில் கிடைத்த மாவுத்துகள்களை நுண்ணுயிர்கள் தின்றன. உள்ளே பாலித்தீன் சூழ்ந்திருந்தவற்றை நொதி எட்டவில்லை. பை பலவீனமாகி நொறுங்கும். பாலித்தீன் துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ‘சிதையும்’ குப்பைப் பைகள் பரபரப்பாக விற்பனையாயின. 1990-ல் அந்த விளம்பரங்களை எதிர்த்துச் சில மாநில அரசுகளே வழக்குத் தொடுத்தன.

அடுத்த முயற்சி இத்தாலியிலிருந்து வந்தது. நோவாமான்ட் நிறுவனம் பாலித்தீனைக் கைவிட்டு, நுண்ணுயிர்களால் சிதைக்கக்கூடிய பாலியெஸ்டருடன் மாவுச்சத்தைச் சேர்த்தது. மாவுச்சத்தை அமிலேஸ் வெட்ட, பாலியெஸ்டரை வேறு நொதிகள் வெட்டும். 2000-ல் ஐரோப்பா ஈ.என். 13432 என்ற தரநிலையை வகுத்தது: உரமாக்கும் சூழலில் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்து கரியமில வாயுவாக மாற வேண்டும். 2012-ல் மிலான் நகரம் அடுக்குமாடி வீடுகளுக்குக் காற்றோட்டமுள்ள சிறு கூடையும் இத்தகைய பைகளும் தந்து, சமையலறைக் கழிவைத் தனியே சேகரிக்கத் தொடங்கியது. அந்தக் கழிவு பெரிய ஆலைக்குச் சென்று எரிவாயுவும் உரமும் ஆகிறது.

நமக்கான செய்தி இங்கேதான் இருக்கிறது. மேற்சொன்ன சோதனை ஏறக்குறைய 58 டிகிரி வெப்பத்தில் நடப்பது. குடியிருப்பில் உள்ள சிறிய உரத்தொட்டி அவ்வளவு சூட்டை நீண்ட நாள் தாங்கி நிற்பது அரிது. ஈரமும் காற்றும் குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலை இன்னும் மந்தமாகும். ஆகவே மக்கும் பை வாங்குவோர் ஐ.எஸ். 17088 என்ற தரநிலைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு இருந்தாலும், கழிவைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையைத் தனியே வையுங்கள். காய்கறித் தோலுக்கு நம் தொட்டியின் சூடு போதும். பைக்குப் போதாமல் போகலாம்.