பீப்பாய்க்குள் சென்ற கடிதங்கள்

மறைந்திருந்து பிறர் செய்கையைக் கவனிப்பவனை ஆங்கிலேயர் 'ஸ்பை' என்பர். ஏசுவதற்கென்றே பிறந்தது போல் ஒலிக்கும் இச்சொல்லின் குலமுறையை ஆராயப் புகுவோருக்கு அது களங்கமற்ற குடியிலே உதித்ததென்பது புலனாகும். உற்று நோக்குதலைக் குறிக்கப் பழைய பிரெஞ்சு மொழியில் வழங்கிய 'எஸ்பியேர்' என்ற வினையே 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்து, முதலெழுத்தை உதிர்த்து இவ்வடிவம் பெற்றது. பிரெஞ்சுக்காரரோ அதனை ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பெற்றவர்கள். காணுதலைக் குறிக்கும் லத்தீன் தாதுவும், நம் சம்ஸ்கிருதத்து 'ஸ்பச்' என்னும் தாதுவும் இதற்கு நெருங்கிய உறவினர். ருக்வேதத்தில் வருண தேவனைச் சூழ அமர்ந்து உலகைக் கண்காணிப்போருக்கும் 'ஸ்பச்' என்றே பெயர். தெய்வ சந்நிதியில் பதவி வகித்த சொல் மனிதரிடையே இழிபெயரானது ஏன் என்பதற்கு, எலிசபெத் ராணியின் காலத்து இங்கிலாந்தில் நல்லதொரு திருஷ்டாந்தம் கிடைக்கிறது.

ராணியின் மந்திரி சர் பிரான்சிஸ் வால்சிங்காம், ஐரோப்பாவெங்கும் ஒற்றர்களை வைத்துப் போஷித்தவர். சிறைக்காவலில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கையும் களவுமாகப் பிடிக்க விரும்பிய அவர், அவள் அடைபட்டிருந்த சார்ட்லி மாளிகைக்கு பீர் கொண்டுவரும் வியாபாரி ஒருவனைத் தம் வசமாக்கிக்கொண்டார். நீர் புகாத உறையிலிட்ட கடிதங்கள் பீப்பாயின் தக்கைத் துவாரத்தின் வழியே உள்ளே போகும். பதில்கள் காலிப் பீப்பாயில் வெளியே வரும். இடைவழியில் அவற்றைக் கைப்பற்றி, சங்கேத லிபியை அவிழ்த்துப் படித்தவர் தாமஸ் பிலிப்ஸ். முத்திரை உடைந்த சுவடே தோன்றாமல் மீண்டும் ஒட்டுவதில் ஆர்தர் கிரெகரி என்பவர் மகா நிபுணர். தன் ரகசியம் பத்திரமாகப் போய்வருகிறதென்று மேரி நம்பியிருந்தாள்.

எலிசபெத்தைக் கொல்லச் சதி செய்த ஆண்டனி பாபிங்டனுக்கு மேரி 1586 ஜூலை 17-ஆம் தேதியிட்டு எழுதிய பதில் கைக்கு வந்ததும், பிலிப்ஸ் தாம் எடுத்த பிரதியின் மேல் தூக்குமரம் ஒன்றைச் சித்திரித்து எஜமானருக்கு அனுப்பினார். அதோடு நின்றாரா? கொலைக்கு அமர்த்தப்பட்ட அறுவரின் பெயர்களைத் தெரிவிக்குமாறு கேட்கும் பின்குறிப்பொன்றை மேரி எழுதியது போலவே மூலக் கடிதத்தில் சேர்த்துவிட்டார். கண்ணால் கண்டதைச் சொல்வது வரையில் ஒற்றனுக்கு ராஜநீதியில் இடமுண்டு. காணாததைத் தானே எழுதிவைத்துப் பிறகு கண்டேன் என்பவனுக்கு எந்த நீதியில் இடம் தேடுவது? மேரி குற்றமற்றவளென்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் ஸ்பை என்ற சொல்லின் மீது படிந்த கறையில் பெரும் பங்கு இத்தகைய கைவேலைகளால் வந்ததென்றே கருதுகிறேன்.

செப்டம்பரில் பாபிங்டனும் தோழர்களும் மரண தண்டனை பெற்றார்கள். 1587 பிப்ரவரி 8-ஆம் தேதி பாதரிங்கே கோட்டையில் மேரியின் சிரம் வீழ்ந்தது. இந்த நாடகத்தில் கவலையின்றி ஆதாயம் கண்டவன் பீர் வியாபாரிதான். 'யோக்கியர்' என்று கடிதங்களில் குறிப்பிடப்பட்ட அந்த மனிதன், இரு தரப்பாரிடமும் கூலி வாங்கியதோடு அமையாமல், தன்னை விட்டால் வழியில்லை என்பதை அறிந்துகொண்டு, பீரின் விலையையும் உயர்த்திக் கேட்டானாம்.